எஞ்சின் பெல்ட்டும் அதன் இறுக்கமும்

முற்காலத்தில் மாட்டு வண்டிகள் செய்துவந்த வேலைகளிற் பெரும்பாலானவற்றை இன்று கிராமங்களில் மோட்டார் வண்டிகளே செய்துவருகின்றன. விடியுமுன் ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளுக்குக் காய்கறி மூட்டைகளைக் கொண்டுசெல்வதும், பாலைக் குளிரூட்டும் நிலையத்திற்கு உரிய நேரத்திற் சேர்ப்பதும், இரவு வேளையில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச்செல்வதும் இவ்வண்டிகளின் காரியங்களே. இவற்றில் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் ஏற்படும் நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டும் உரியதன்று. அவரை நம்பியிருக்கும் குடும்பங்கள் யாவற்றுக்கும் உரியதாகும்.

அவ்வாறு வண்டிகள் நிற்பதற்கான காரணங்களுள் மிக எளிதில் தடுக்கக்கூடியது எஞ்சின் பெல்ட் அறுந்துபோவதாகும். ரப்பராலும் நூலாலும் ஆகிய இச்சிறு பொருளின் விலை சொற்பம். ஆனால் அது அறுந்தபின்னும் வண்டியை ஓட்டினால், எஞ்சினையே பிரித்துப் பழுதுபார்க்கவேண்டிய பெருஞ்செலவு நேரிடலாம். ஆதலின் பெல்ட்டின் வேலை யாது, அது தேய்ந்ததை அறிவது எவ்வாறு, அதை மாற்றுவது எங்ஙனம், எல்லாவற்றிற்கும் மேலாக அதற்கு எவ்வளவு இறுக்கம் வைக்கவேண்டும் என்பவற்றை வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

1. பெல்ட் செய்யும் வேலை

கைராட்டினத்தைக் கண்டவர்களுக்குப் பெல்ட்டின் தத்துவத்தை விளக்குவது கடினமன்று. பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்ற, அதிலிருந்து செல்லும் கயிறு சிறு கதிரை வெகு வேகமாகச் சுழற்றுகிறது. கயிறு தளர்ந்திருந்தால் சக்கரம் மட்டும் சுற்றும், கதிர் நின்றுவிடும். கயிறு அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தாலோ சக்கரம் சுழலக் கனக்கும். கதிரின் தாங்கிகளும் விரைவில் தேய்ந்துவிடும்.

மோட்டார் எஞ்சினிலும் நடைபெறுவது இதுவே. எஞ்சினின் பிரதான தண்டாகிய கிராங்க் தண்டின் முனையில் ஒரு புல்லி பொருத்தப்பட்டிருக்கிறது. அதிலிருந்து செல்லும் பெல்ட், மின்சாரத்தை உண்டாக்கும் டைனமோவை அல்லது ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் அதுவே சுழற்றுகிறது. பழைய வண்டிகளில் பம்பின் தண்டிலேயே காற்றாடியும் இருந்தமையால் ஓட்டுநர்கள் இதனை ஃபேன் பெல்ட் என்று வழங்கலாயினர். காற்றாடி தனி மின் மோட்டாரால் சுற்றும் வண்டிகளிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. சில வண்டிகளில் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் எண்ணெய்ப் பம்பையும், குளிர்சாதனக் கம்பிரஸரையும் இதே பெல்ட்டோ, வேறு தனிப் பெல்ட்டோ இயக்குவதுண்டு.

இதன் உழைப்பு எத்தகையது என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். கிராங்க் புல்லியின் விட்டம் 130 மில்லிமீட்டர் என்று கொண்டால் அதன் சுற்றளவு சுமார் 408 மில்லிமீட்டர் ஆகும். எஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றினால், ஒரு மீட்டர் நீளமுள்ள பெல்ட் நிமிஷத்திற்கு 800 தடவைக்கு மேல் முழு வலம் வருகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் அது ஏறக்குறைய 49,000 தடவை வளைந்து நிமிர்ந்துவிடுகிறது. வெப்பமும் புழுதியும் நிறைந்த இடத்தில் இடைவிடாது இவ்வாறு உழைக்கும் பொருளை வருஷக்கணக்கில் திரும்பியும் பாராதிருப்பது விவேகமாகாது.

2. பெல்ட்டின் வகைகள்

அரிசி மில்களிலும் பழைய எண்ணெய் எஞ்சின்களிலும் தட்டையான தோல்வார்களும் கான்வாஸ் வார்களும் ஓடியதைப் பெரியவர்கள் அறிவார்கள். மோட்டார் எஞ்சினில் இடம் குறுகியது; புல்லிகளும் சிறியவை. தட்டை வார் அங்கே எளிதில் வழுக்கிவிடும். ஆகவே மேற்புறம் அகன்றும் அடிப்புறம் குறுகியும், ஆப்பு வடிவில் அமைந்த பெல்ட் வழக்கத்திற்கு வந்தது. அமெரிக்காவில் டென்வர் நகரத்தைச் சேர்ந்த ஜான் கேட்ஸ் என்பவர் 1917ஆம் வருஷத்தில் ரப்பரும் நூலும் சேர்த்து இவ்வகைப் பெல்ட்டை உருவாக்கியதாகச் சரித்திரம் கூறுகிறது.

ஆப்பு வடிவப் பெல்ட்டின் வலிமை அதன் பக்கங்களில் இருக்கிறது. மரம் பிளக்க அடிக்கும் ஆப்பைப்போல் அது புல்லியின் பள்ளத்தில் இறங்கி இருபுறமும் பற்றிக்கொள்கிறது. பள்ளத்தின் கோணம் 38 பாகையாயின், அதே இறுக்கமுள்ள தட்டை வாரைக் காட்டிலும் இதன் பிடிப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும். பக்கங்களாற் பற்றவேண்டிய பெல்ட் தேய்ந்து மெலிந்து பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் இந்த அனுகூலம் முழுவதும் போய்விடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினும் அது வழுக்கவே செய்யும்.

இரண்டாவது வகை, பல சிறு வரிகளையுடைய அகன்ற பெல்ட் ஆகும். ஒரே பெல்ட் பாம்பைப்போல் நெளிந்து சென்று எல்லாப் புல்லிகளையும் சுழற்றும் ஏற்பாடு, 1979ஆம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங் காரில் கையாளப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியது. இந்நாளைய கார்களிற் பெரும்பான்மையானவை இவ்வகையையே உடையன. பழைய அம்பாஸடர், ஜீப், டிராக்டர்களில் ஆப்பு வடிவப் பெல்ட்டையே பெரும்பாலும் காணலாம்.

இவ்விரண்டினின்றும் வேறானது டைமிங் பெல்ட். அது பற்கள் உடையது, மூடிக்குள் மறைந்திருப்பது, வால்வுகள் உரிய சமயத்தில் திறந்து மூடும்படி செய்வது. ஒரு பல் தவறி மாட்டினாலும் பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிப் பெருநஷ்டம் உண்டாகும். அவ்வேலையைப் பழகிய மெக்கானிக்கிடமே விடவேண்டும். இப்பாடம் வெளிப்பெல்ட்டுகளை மட்டும் பற்றியது.

3. பரிசோதனை

மாதம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில், வெளிச்சமுள்ள இடத்தில் பெல்ட்டைப் பரிசோதிக்கவேண்டும். சாவியை வெளியே எடுத்துவிட்டு, பெல்ட்டைச் சிறிது திருப்பி அடிப்புறத்தையும் பக்கங்களையும் பார்க்கவேண்டும். முழு நீளத்தையும் பார்த்தல் அவசியம். கண்ணுக்கு எதிரே தெரியும் ஒரு சாண் நன்றாயிருப்பதால் மறுபுறமும் நன்றாயிருக்கும் என்று எண்ணலாகாது.

ஆப்பு வடிவப் பெல்ட்டில் கவனிக்கவேண்டிய குறைகளாவன: குறுக்கே ஓடும் வெடிப்புகள், ஓரங்களிற் பிரிந்து தொங்கும் நூல், கண்ணாடிபோல் பளபளக்கும் பக்கங்கள், எண்ணெய் பட்டு ஊறி மிருதுவான இடங்கள். பளபளப்பு இருப்பின், பெல்ட் பலநாள் தளர்ந்து வழுக்கி வந்திருக்கிறதென்று அறியலாம். எண்ணெயோ ரேடியேட்டர் தண்ணீரோ கசிந்து பெல்ட்டின்மேல் விழுந்திருப்பின், முதலிற் கசிவை நிறுத்தவேண்டும். இன்றேல் புதிய பெல்ட்டும் அதே கதியை அடையும்.

வரிப் பெல்ட்டின் விஷயத்தில் வெடிப்பை மட்டும் தேடுவது போதாது. நியோப்ரீன் என்னும் ரப்பரால் ஆன பழைய பெல்ட்டுகள் மூப்படைந்தால் வெடிக்கும். இந்நாளில் செய்யப்படும் இ.பி.டி.எம். ரப்பர்ப் பெல்ட்டுகளோ எளிதில் வெடிப்பதில்லை. வழவழப்பாகவும் நல்ல நிலையிலும் இருப்பதுபோலத் தோன்றிக்கொண்டே, செருப்பின் அடி தேய்வதுபோல், வரிகளின் பக்கங்களில் தேய்கின்றன. வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று, பெல்ட் புல்லிக்குள் ஆழ்ந்து உட்காருகிறது. “வெடிப்பு இல்லை, ஆகவே நல்லது” என்னும் பழைய விதி இங்கே ஏமாற்றிவிடும். பள்ளத்தில் வைத்துப் பார்க்கும் சிறு பிளாஸ்டிக் அளவுகோல்கள் கிடைக்கின்றன. அது இல்லாதபோது, அதே அளவுள்ள புதிய பெல்ட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் தேய்வு புலப்படும்.

4. சத்தம் கூறும் செய்தி

வண்டியைக் கிளப்பும்போது கீச்சென்ற ஓசை எழுந்து சிறிது நேரத்தில் அடங்கினால், பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். இரவில் விளக்கைப் போட்டதும், அல்லது ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியதும் ஓசை வந்தாலும் பெரும்பாலும் அதுவே காரணம். ஏனெனில் அச்சமயங்களில் பெல்ட்டின்மேல் பாரம் கூடுகிறது.

ஓசையின் காரணத்தை அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடுகையில், சற்று விலகி நின்று, தெளிக்கும் புட்டியினால் வரிப் பெல்ட்டின் வரியுள்ள புறத்தில் சிறிதளவு தண்ணீர் தெளிக்கவேண்டும். ஓசை அதிகப்பட்டால் இறுக்கம் போதவில்லை என்றும், சற்று நேரம் அடங்கி மீண்டும் தொடங்கினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்றும் ஊகிக்கலாம். நேர்கோடு தவறியதாயின் பெல்ட்டை எத்தனை முறை மாற்றினும் பயனில்லை; புல்லிகளையும் அவற்றைத் தாங்கும் தகடுகளையும் சீர்செய்யவேண்டும்.

சிலர் ஓசையை அடக்கச் சவுக்காரம், மெழுகு முதலியவற்றைப் பெல்ட்டில் தடவுகின்றனர். இது நோயை விட்டுவிட்டு நோயாளியின் வாயைப் பொத்துவது போலாகும். ஓசை அடங்கும், வழுக்கல் அடங்காது. தடவிய பொருளில் புழுதி ஒட்டிப் பெல்ட்டையும் புல்லியையும் அரைக்கும்.

5. தொடங்குமுன் ஜாக்கிரதை

பெல்ட்டில் கைவைக்குமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, வேலை செய்பவரே அதைத் தம் வசம் வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றவேண்டும். இதற்குக் காரணம் இரண்டு. ஆல்டர்னேட்டரின் முனையில் எப்பொழுதும் பாட்டரியின் மின்சாரம் உண்டு. ஸ்பேனர் அம்முனையையும் இரும்பையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறந்து கையைச் சுட்டுவிடும். மேலும், சூடான எஞ்சினில் மின்காற்றாடி சாவி இல்லாமலேயே திடீரென்று சுழலக்கூடும்.

தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை ஓடும் எஞ்சினருகே மிகவும் அபாயகரமானவை. நிமிஷத்திற்கு 800 தடவை சுற்றும் பெல்ட் துணியின் நுனியைப் பற்றினால், கையை விலக்கிக்கொள்ள அவகாசம் இராது. துண்டை எடுத்து அப்பால் வைத்து, வேட்டியை மடித்து இறுகக் கட்டிக்கொண்ட பின்னரே குனியவேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

6. சரியான பெல்ட்டைத் தெரிந்தெடுத்தல்

பழைய பெல்ட்டின் முதுகில் அதன் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வரிப் பெல்ட்டில் 6 பி.கே. 1200 என்று கண்டால், அது ஆறு வரிகளும் 1,200 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஆப்பு வடிவப் பெல்ட்டில் 13 என்றும் 1000 என்றும் கண்டால், மேற்புற அகலம் 13 மில்லிமீட்டர், நீளம் 1,000 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். எழுத்துகள் அழிந்திருந்தால் வண்டியின் கைப்புத்தகத்தைக் கொண்டு அளவை நிச்சயிக்கவேண்டும். பழைய பெல்ட்டை நூலால் அளந்து வாங்குவது நம்பத்தக்கதன்று. அது உழைத்து நீண்டிருக்கலாம்.

அகலம் குறைந்த பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து வழுக்கும். அகலம் மிகுந்தது புல்லிக்கு வெளியே பிதுங்கி நிற்கும். சில டிராக்டர்களிலும் லாரிகளிலும் இரண்டு பெல்ட்டுகள் இணையாக ஓடும். அவற்றில் ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதியதும் பழையதும் ஒரே நீளமாயிரா. குட்டையான புதிய பெல்ட்டே முழுப்பாரத்தையும் சுமந்து விரைவில் அழியும்.

7. ஆப்பு வடிவப் பெல்ட்டை மாற்றுதல்

அம்பாஸடர் காரை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். வங்காளத்தில் உத்தரபாடாவிலுள்ள தொழிற்சாலையில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியான இவ்வண்டியின் எளிய அமைப்பைப் புரிந்துகொண்டவர், இவ்வகையைச் சேர்ந்த மற்ற எஞ்சின்களையும் கையாளலாம். இவ்வமைப்பில் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், கதவு கீலில் அசைவதுபோல், எஞ்சினோடு இணைக்கும் போல்ட்டுகளில் முன்னும் பின்னும் அசையும். மற்றொரு போல்ட், நீண்ட துளையுடைய வளைந்த தகட்டின் வழியே சென்று அதனைத் தக்க இடத்தில் நிறுத்திவைக்கிறது.

முதலில் இந்தப் போல்ட்டுகள் யாவற்றையும், தகடு எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ளதையும் உட்பட, சிறிதளவு தளர்த்தவேண்டும். முழுவதும் கழற்றத் தேவையில்லை. பிறகு டைனமோவை எஞ்சின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தளரும். அதைப் புல்லிகளிலிருந்து எடுத்து, காற்றாடி இருப்பின் அதன் இதழ் ஒவ்வொன்றையும் தாண்டச்செய்து வெளியே எடுக்கவேண்டும்.

பெல்ட் வெளியே வந்த இச்சமயமே புல்லிகளையும் பேரிங்குகளையும் சோதிக்கத் தக்க தருணம். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். கரகரப்பு இருந்தாலும், பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தாலும், பேரிங் தேய்ந்துவிட்டதென்று கொள்ளவேண்டும். பள்ளங்களில் துரு, எண்ணெய், அழுக்கு இருப்பின் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும்.

புதிய பெல்ட்டை முதலில் கிராங்க் புல்லியிலும், பிறகு பம்புப் புல்லியிலும், கடைசியாக டைனமோப் புல்லியிலும் மாட்டலாம். மாட்டக் கடினமாயிருந்தால் டைனமோவை இன்னும் உள்ளே தள்ளவேண்டுமேயன்றி, திருப்புளியால் நெம்பிப் பெல்ட்டை ஏற்றலாகாது. அவ்வாறு நெம்பினால் வெளியே தெரியாமல் உள்நூல்கள் அறுந்துவிடும். அந்தப் பெல்ட் சில நாட்களிலேயே வழியில் அறுந்துவிடக்கூடும்.

8. இறுக்கம் வைத்தல்

இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே. டைனமோவை வெளிப்புறமாக இழுத்துப் பெல்ட்டை இறுக்கி, முதலில் நீள்துளைத் தகட்டின் போல்ட்டையும் பிறகு மற்றவற்றையும் முடுக்கவேண்டும். கையால் இழுக்கப் போதாவிடில் ஒரு மரக்கட்டையை நெம்புகோலாகக் கொள்ளலாம். அது புல்லிக்கு அருகிலுள்ள கனத்த முன்மூடியில் மட்டுமே படவேண்டும். உடலின் நடுவில் அழுத்தினால் மெல்லிய உலோகம் விரிந்துபோகும்.

பெல்ட்டின் மிக நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். அம்பாஸடர் வகை எஞ்சின்களில் அவ்விடம் சுமார் அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டர், அசையவேண்டும். மற்ற வண்டிகளுக்கு அவ்வவற்றின் கைப்புத்தகம் கூறும் அளவே பிரமாணம். நேரான ஒரு சட்டத்தைப் பெல்ட்டின்மேல் இரு புல்லிகளுக்கும் குறுக்கே வைத்து, அதிலிருந்து பெல்ட் எவ்வளவு இறங்குகிறதென்று அளந்தால் கணிப்புத் தவறாது.

தளர்ந்த பெல்ட் கெடுதி செய்கிறது என்பதை யாவரும் அறிவர். ஏனெனில் அது கீச்சிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பாட்டரி இறங்குகிறது; விளக்கு மங்குகிறது; எஞ்சின் சுடுகிறது. மிதமிஞ்சி இறுக்கிய பெல்ட்டோ ஓசை செய்வதில்லை. “நன்றாக முறுக்கி வைத்தாயிற்று, இனிப் பயமில்லை” என்று வண்டிக்காரர் மகிழ்ந்திருக்கையில், அது தண்ணீர்ப் பம்பின் தண்டையும் டைனமோவின் தண்டையும் இரவு பகலாக ஒருபுறமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. குண்டுப் பேரிங்கின் மீதுள்ள பாரம் இருமடங்கானால் அதன் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது இயந்திர சாஸ்திரத்தின் கணக்கு. எட்டு வருஷம் உழைக்கவேண்டிய பேரிங் ஒரே வருஷத்தில் ஓய்ந்துவிடும். சில மாதம் கழித்துப் பம்பு ஒழுகும்போது, அதற்குக் காரணம் அன்று கூடுதலாக முறுக்கிய இறுக்கமே என்று ஒருவரும் நினைப்பதில்லை; பம்பின் தரத்தைப் பழித்துவிட்டு வேறொன்று வாங்கி, அதையும் அதே விதமாக முறுக்கி மாட்டுகின்றனர்.

உழவர் ஏரிற் காளைகளைப் பூட்டும்போது பூட்டாங்கயிற்றை எவ்வாறு கட்டுகின்றனர் என்பதை நினைத்தால் போதும். தளர்ந்தால் நுகம் நழுவும். இறுகினால் காளையின் கழுத்து புண்ணாகும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைக் கையறிவினால் கண்டுகொள்வதே தொழில். வழுக்காமல் ஓடுவதற்கு எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அவ்வளவே பெல்ட்டுக்குப் போதும்.

புதிய பெல்ட் சிறிது நேரம் ஓடியதும் பள்ளத்தில் படிந்து தளர்வது இயல்பு. ஆகவே பாட்டரிக் கம்பியை மீண்டும் இணைத்து, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தி, சாவியை எடுத்தபின் இறுக்கத்தை மறுபடியும் சோதிக்கவேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மற்றொரு முறை சோதித்தல் நலம். முதல் நாளில் கூடுதலாக முறுக்கி வைத்துப் பிற்பாடு தானே தளரும் என்று விட்டுவிடுவது தவறான வழக்கம்.

9. வரிப் பெல்ட்டை மாற்றுதல்

இப்பெல்ட் எந்தப் புல்லியின் மேலே, எதன் கீழே செல்கிறதென்பதை நினைவில் வைப்பது கடினம். கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுதல் அல்லது காகிதத்தில் வரைந்துகொள்ளுதல் அவசியம். பல வண்டிகளில் பானட்டின் அடியில் இதற்கான படம் ஒட்டப்பட்டிருக்கும்.

பெரும்பாலும் இவ்வகையில் இறுக்கம் தருவது, வில்சுருள் அமைந்த கரமும் அதன் நுனியிலுள்ள சிறு உருளையும் ஆகும். நீண்ட ஸ்பேனரால் கரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை ஒரு புல்லியிலிருந்து நழுவவிடவேண்டும். பிறகு கரத்தை மெதுவாக விடவேண்டும். சட்டென்று விட்டால் விரல் நசுங்கும், கரமும் கெடும். புதிய பெல்ட்டை மாட்டியபின் ஒவ்வொரு வரியும் அதற்குரிய பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று எல்லாப் புல்லிகளிலும் பார்க்கவேண்டும். ஒரு வரி வெளியே நின்றாலும் சிறிது நேர ஓட்டத்தில் பெல்ட் கிழிந்துவிடும்.

இறுக்கத்தை வில்லே பார்த்துக்கொள்வதால் அளக்கவேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் வில்லும் மூப்படையும். ஓட்டத்தில் கரம் துடித்து ஆடினாலும், உருளை கரகரத்தாலும், கரத்திலுள்ள குறி உரிய எல்லையைத் தாண்டியிருந்தாலும் அதனையும் பெல்ட்டோடு மாற்றவேண்டும். இறுக்கும் கரமே இல்லாமல், நீண்டு சுருங்கும் பெல்ட்டை உடைய வண்டிகளும் உண்டு. அவற்றை மாட்ட உரிய கருவி வேண்டுமாதலால் பட்டறைக்குக் கொண்டுபோவதே தகும்.

10. வழியில் அறுந்தால்

ஓடும்போது பாட்டரி விளக்கு சிவப்பாக எரிவது முதல் அறிகுறி. ஸ்டியரிங் திடீரென்று கனத்தல், வெப்பமானியின் முள் ஏறுதல் முதலியன பின்தொடரலாம். உடனே வண்டியைச் சாலையோரமாக ஒதுக்கி எஞ்சினை நிறுத்தவேண்டும். “இன்னும் சிறிது தூரந்தானே” என்று ஓட்டுவதால்தான் சிலிண்டர் ஹெட் வளைவதும் காஸ்கெட் எரிவதும் நேரிடுகின்றன. சில நூறு ரூபாயோடு முடியவேண்டிய காரியம் பல ஆயிரங்களில் போய் முடிவது இந்தச் சிறிது தூரத்தினாலேயே.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். கொதிக்கும் எஞ்சினின்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் கூடாது, இரும்பு வெடிக்கக்கூடும். முற்றிலும் ஆறும்வரை பொறுத்திருந்து, அறுந்த பெல்ட்டின் துணுக்குகள் புல்லிகளிற் சிக்கியிருந்தால் நீக்கிவிட்டு, புதிய பெல்ட்டை மாட்டவேண்டும்.

அதற்குப் புதிய பெல்ட் வண்டியிலேயே இருந்தாலன்றோ முடியும்? ஆகையால் சரியான அளவுள்ள ஒரு பெல்ட்டும், அதற்குரிய ஸ்பேனர்களும், ஒரு கைவிளக்கும் வண்டியில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். பெல்ட்டை மடித்து முறிக்காமல், வெயிலும் எண்ணெயும் படாமல், துணியிற் சுற்றி வைக்கவேண்டும். ஒரே வகை வண்டிகள் பல உள்ள கிராமங்களில் உரிமையாளர்கள் கூடிச் சில பெல்ட்டுகளைப் பொதுவில் வாங்கி ஓரிடத்தில் வைத்துக்கொள்வது சிக்கனமான ஏற்பாடாகும்.

பெல்ட் மாற்றிய தேதியையும், அப்பொழுது மானி காட்டிய கிலோமீட்டரையும், பெல்ட்டின் அளவையும் ஒரு சிறு காகிதத்தில் எழுதி பானட்டின் உட்புறத்தில் ஒட்டிவைக்கவேண்டும். வண்டி கைமாறினாலும், ஓட்டுநர் மாறினாலும், அடுத்து எப்பொழுது பார்க்கவேண்டும் என்பதை அக்காகிதம் அறிவிக்கும். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் இதற்கென ஒதுக்குபவரின் வண்டி, பாலோ காய்கறியோ நோயாளியோ ஏறியிருக்கும் வேளையில் பெல்ட்டின் பொருட்டு நிற்பது அரிதாகும்.